மனசு விட்டுக் கேளுங்கள்: கத்தித் தீர்த்தால் துக்கம் தீருமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. தம்பி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். ஈப்போவில் இரண்டு நாள் முகாம் நடத்துகிறார்களாம். வேகமாக மூச்சு விட்டு, தலையணையை அடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் வெளியேறிவிடுமாம். 600 வெள்ளி (ரிங்கிட்). அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. தம்பியின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறைக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

இந்த முறை புதிதல்ல. அடக்கிய உணர்ச்சியைக் கொட்டினால் நோய் தீரும் என்று 1895-லேயே வியன்னாவில் மருத்துவர்கள் புரோயரும் பிராய்டும் எழுதினார்கள். பிராய்டே பிறகு அந்த முறையைக் கைவிட்டார். 1970-ல் ஆர்தர் ஜேனவ் என்ற அமெரிக்க உளவியலாளர் கதறல் சிகிச்சையைப் புத்தகமாக எழுதினார். பாடகர் ஜான் லெனன் அவரிடம் சிகிச்சைக்குப் போனதால் பெயர் உலகமெங்கும் பரவியது. குணமாகிறது என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்றுதான் வரவில்லை.

கோபத்தில் அடித்துத் தீர்ப்பது இன்னும் மோசம். 2002-ல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் ஆத்திரம் கூடியது. 2 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். காரணம் எளிது: ஒருவரை நினைத்து அடிக்க அடிக்க, மனம் அந்தக் கோபத்தையே பழகிக்கொள்கிறது.

மூச்சுப் பயிற்சியில் உடம்புக்கே ஆபத்து உண்டு. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், கை மடங்கி இறுகும், தலை சுற்றும். ‘உள்ளே இருந்த வலி வெளியே வருகிறது’ என்று முகாமில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வலிப்பு, இருதய நோய், உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம், முன்பு மனநோய் வந்தது என்று ஏதாவது இருந்தால் பக்கமே போகக் கூடாது.

முகாமில் பத்துப் பேர் அழும்போது தம்பிக்கும் அழுகை வரும், அன்றைக்கு உடம்பு லேசாகும். திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போது பழைய எரிச்சல் திரும்பிவிடும். எதற்கு அழுதோம், அப்பாவிடம் என்ன பாக்கி இருந்தது என்று யாரோ ஒருவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அந்த அழுகைக்குப் பலன். அழாதவர் எல்லாம் அடக்கி வைத்திருக்கிறார் என்றும் முடிவு கட்டாதீர்கள். அழாமலே துக்கத்தைக் கடப்பவர்கள் நிறைய. தூக்கம், குடி, வேலைக்கு மட்டம் போடுவது, இந்த மூன்றையும் கவனியுங்கள்.

கேள்வி: அம்மா சாகும்வரை அவரிடம் சொல்ல முடியாத சில விஷயங்கள் நெஞ்சை அடைக்கின்றன. லயத்து வீடு, பலகைச் சுவர். இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். சத்தம் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் எழுதிப் பாருங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் ஆய்வு செய்த முறை இது: அடுத்தடுத்து 4 நாள், தினம் 15 நிமிடம். என்ன நடந்தது என்பதோடு அப்போது என்ன உணர்ந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், பேனாவை நிறுத்தாதீர்கள். யாரும் படிக்கக் கூடாதென்றால் கிழித்துப் போடுங்கள். எழுதி முடித்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் மனம் கனப்பது இயல்பு. அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், வேலை முடிந்து குளித்த பிறகு, மாலையில் எழுதுங்கள். நான்கு நாளும் ஒரே புலம்பலைத் திருப்பித் திருப்பி எழுதினால் பலன் குறைவு. மூன்றாம் நாளிலாவது ‘ஏன் அப்படி நடந்தது’ என்ற பக்கம் போக வேண்டும்.

அடுத்தது காலி நாற்காலி. கெஸ்டால்ட் என்ற மனநல சிகிச்சையில் அதன் முன்னோடி பிரிட்ஸ் பெர்ல்ஸ் பரப்பிய முறை. ஆலோசகர் கூட இருந்து செய்யும்போதுதான் முழுப் பலன். எதிரே ஒரு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்து, ‘அம்மா, நீங்க அன்னிக்கு என்னை அடிச்சது வலிச்சுது’ என்று நேராகப் பேச வேண்டும். ‘அவர் இப்படிச் செய்தார்’ என்று கதை சொல்ல ஆரம்பித்தால் உணர்ச்சி நழுவிவிடும். பிறகு அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து அம்மாவாகப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கண்ணீர் வரும். மெல்லிய குரலே போதும்.

சுற்றியிருப்பது கனவு போலத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே நிறுத்துங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள், முகத்தில் தண்ணீர் அடியுங்கள். சின்ன வயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தால் இதைத் தனியாகச் செய்யவே வேண்டாம்.

கேள்வி: நல்ல ஆலோசகரை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மலேசியாவின் 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவும் காலாவதியாகாத தொழில் சான்றிதழும் வேண்டும், தயங்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘உனக்குச் சிறு வயதில் ஏதோ நடந்திருக்கிறது, நினைவுபடுத்து’ என்று வற்புறுத்துபவரிடம் திரும்பிப் போகாதீர்கள். நடக்காததும் நினைவாகப் பதிந்துவிடும். அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. அங்குள்ள டாக்டரிடம் சொன்னால் தேவைப்படும் இடத்துக்கு எழுதித் தருவார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கோ, 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் 03-7627 2929 எண்ணுக்கோ கூப்பிடுங்கள்.