பழைய குங்ஃபூ படங்களை மறுபடி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நகலெடுக்கக் கூடாது. 1972-இல் புரூஸ் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'தான் 1994-இல் ஜெட் லீ நடிப்பில் 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' ஆனது. குருவின் சாவுக்குப் பழிவாங்கும் அதே கதை. பழையதில் ஜப்பானியர் என்றாலே வில்லன். புதியதில் நாயகனுக்கு ஜப்பானியக் காதலி, மரியாதைக்குரிய ஒரு ஜப்பானிய ஆசானும் உண்டு. புழுதிக் காற்றில் அவரும் நாயகனும் கண்ணைக் கட்டிக்கொண்டு மோதும் சண்டை இருக்கிறதே, சண்டை இயக்குநர் யுவென் வூ-பிங் அமைத்தது, அதற்காகவே படத்தைப் பார்க்கலாம். புரூஸ் லீயின் கத்தலையும் ஆவேசத்தையும் ஜெட் லீ தொடவே இல்லை. தப்பித்தார்!

2010-இல் மறுபடி எடுத்த 'கராத்தே கிட்' வேறு கதை. பெய்ஜிங் போன பையன் ஜாக்கி சானிடம் கற்பது குங்ஃபூ. அப்புறம் எதற்குக் கராத்தே என்ற பெயர்?