ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு எந்த ஆயில்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: காருக்கு வாங்கிய 10டபிள்யூ-30 ஆயில் பாதி டின் மிச்சம் இருக்கிறது. படகின் பின்னால் மாட்டியிருக்கும் 40 ஹெச்பி அவுட்போர்டு மோட்டாரில் ஊற்றலாமா?

பதில்: கார் இன்ஜின் 90 டிகிரி வாக்கில் சூடேறி ஓடுகிறது, உள்ளே சேரும் ஈரமும் ஆயிலில் கலக்கும் கொஞ்சநஞ்ச பெட்ரோலும் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அவுட்போர்டு வெளியிலிருந்து பச்சைத் தண்ணீரை இழுத்துக் குளிர்கிறது, பல மாடல்களில் 50, 60 டிகிரியிலேயே தெர்மோஸ்டாட் (சூடேறியதும் குளிர்விக்கும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறந்துவிடும். அதனால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. போதாததற்கு உப்புக் காற்று, அப்புறம் 5000, 6000 ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓட்டம். இதற்காகத்தான் அமெரிக்காவின் படகுத் தயாரிப்பாளர் சங்கமான என்எம்எம்ஏ, எஃப்சி-டபிள்யூ என்று ஒரு முத்திரை கொடுக்கிறது: துரு பிடிக்கிறதா, நுரைக்கிறதா, ஃபில்டர் அடைக்கிறதா, ஓட ஓட நீர்த்துப்போகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகு. டின்னில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது காருக்கே இருக்கட்டும்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் டிசி-டபிள்யூ3 ஆயில் நிறைய இருக்கிறது, அது?

பதில்: அது பெட்ரோலோடு எரிந்துபோகச் செய்த ஆயில். கூடவே கூடாது.

கேள்வி: ஆயிலின் கெட்டித்தன்மை எது, 10டபிள்யூ-30ஆ, 25டபிள்யூ-40ஆ?

பதில்: மேனுவலில் வெப்பநிலை அட்டவணை இருக்கும், உங்கள் மாடலுக்கு அது சொல்வதுதான் கணக்கு.

கேள்வி: என் மோட்டாரில் ஆயில் குறைவதே இல்லை. போன மாதத்தைவிட டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஏறித்தான் இருக்கிறது. நல்ல இன்ஜின்தானே?

பதில்: ஐயோ, சந்தோஷப்படாதீர்கள். ஆயில் தானாகப் பெருகாது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், மெதுவாகவே ஓட்டி இன்ஜின் சூடேறாமல் பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் என்றால் ஆயிலை மாற்றி, கொஞ்சம் வேகத்தில் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். எந்த ஆயில் என்று கேட்கும் முன்பு எல்லோரும் இதைப் பார்த்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: எஃப்சி-டபிள்யூ எல்லாம் வியாபாரம். என் மேனுவலே கார் ஆயில் தரங்களான ஏபிஐ எஸ்ஜே, எஸ்எல் போதும் என்கிறது. ஆறு வருஷமாகக் கார் ஆயில்தான், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: மேனுவல் அனுமதித்திருந்தால் நான் யார் தடுக்க? பழைய மாடல்களில் அப்படித்தான் போட்டிருப்பார்கள், முத்திரையே 2004 வாக்கில்தான் வந்தது. நல்ல தண்ணீரில் வாராவாரம் ஓட்டுபவர் கார் ஆயிலிலும் காலத்தை ஓட்டிவிடலாம். துரு பிடிப்பது ஓடும்போது இல்லை, மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது. உங்கள் மோட்டார் எத்தனை மாதம் நிற்கிறது?

கேள்வி: (அவரே) நிற்பதே இல்லை. மாதம் 30 மணி நேரம் ஓடும்.

பதில்: அதுதான் காப்பாற்றியிருக்கிறது! ஆனால் மாதம் 30 மணி என்றால் மூன்றரை மாதத்துக்குள் 100 மணி வந்துவிடும். அப்போதெல்லாம் ஆயில் மாற்றுகிறீர்களா, வருஷத்துக்கு ஒரு தடவையா? 100 மணியோ ஒரு வருஷமோ, எது முந்துகிறதோ அதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

கேள்வி: (அவரே) வருஷத்துக்கு ஒரு தடவை.

பதில்: பிராண்டுச் சண்டையை விடுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: பைக் ஆயில்?

பதில்: ஜாசோ எம்ஏ என்பது பைக் கிளட்ச் வழுக்காமலிருக்கப் பார்த்த தரம், துருவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மற்றபடி முதல் பதில்தான்.

கேள்வி: அடியிலிருக்கும் கியருக்கும் இதே ஆயில்தானே?

பதில்: இல்லை. அதற்குத் தனி மரைன் கியர் ஆயில். அதுவும் வெளுத்து வந்தால் சீல் போயிருக்கிறது.

கேள்வி: கார் ஆயில் ஊற்றலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: நேற்று ஆயில் மாற்றினேன், இன்று ஏறியிருக்கிறது. மோட்டாரைத் தூக்கிய நிலையில்தான் அளந்தேன்.

பதில்: நட்டமாக இறக்கி, ஆயில் வடியக் கொஞ்ச நேரம் விட்டு, அளந்துவிட்டு வாருங்கள்.