தேவை எது, விருப்பம் எது?

கேள்வி: கனடாவிலுள்ள என் தம்பி அனுப்பிய பணத்தில் மேல்மாடி எடுத்து, இரண்டு அறைகளுக்கு ஏசி பூட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்று அறைகள் உள்ள வீட்டில் நாங்கள் நால்வரும் படுக்கையிலிருக்கும் மாமியாருமே இருக்கிறோம். கிறிஸ்தவர்கள் எளிமையாக வாழ வேண்டும் என்றும், 1995இல் இடம்பெயர்ந்தபோது எங்களிடம் என்ன இருந்தது என்றும் கேட்டு என் கணவர் எல்லாவற்றையும் மறுக்கிறார். தேவையையும் விருப்பத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

— ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி எரித்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம். ஆனால் அது நாம் தெரிந்துகொண்ட எளிமை அன்று, நம்மேல் சுமத்தப்பட்ட இல்லாமை. வேறு வழியின்றிப் பட்ட கஷ்டத்தைப் பக்தியென்று பிள்ளைகளுக்குக் காட்டுவது நேர்மையாகாது. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர், "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று இரண்டையுமே வேண்டாமென்கிறார். வறுமை வந்தால் திருடிவிடுவேனோ என்றும் அவர் அஞ்சுகிறார். அவர் கேட்பது, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்பதே. நாம் கொத்தாலும் சுண்டாலும் அளந்து பழகியவர்கள்தான்; என்றாலும் அளவையையும் அன்றாடப் பங்கையும் 'படி' என்ற ஒரே சொல்லில் சொல்லும் தமிழில் இவ்வசனம் கூடுதலாகத் தைக்கிறது.

ஆகவே பொருட்களை இரண்டு நிரல்களாக எழுதிப் பிரிக்க முயலாதீர்கள். அந்தப் பொருள் யாருக்காக என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் எழுந்து நடக்க முடியாமல், முதுகு வேர்த்துப் புழுங்கக் கிடக்கும் மாமியாரின் அறைக்கு ஏசி ஒரு தேவை. அதே ஏசி, கதவைத் திறந்து வைத்தால் காற்று வரும் அடுத்த அறைக்கு விருப்பம். மேல்மாடியில் யார் படுக்கப்போகிறார்கள் என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஓர் ஆளின் பெயர் வராமல், "ஆரும் வந்தால்" என்ற மறுமொழி வந்தால், திருவிழாவுக்கு வருகிறவர்களுக்காக ஆண்டுக்கொரு முறை தூசு தட்டப்படும் இன்னோர் அறை நம் ஊரில் கூடப்போகிறது, அவ்வளவுதான்.

தம்பியை மறந்துவிடாதீர்கள். நமக்கு வங்கிப் புத்தகத்தில் ஓர் எண்ணாக வரும் காசு, அவருக்கு வேலை செய்த மணித்தியாலங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு முடியும், ஏசியோடு கூடும் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பவற்றை ஒளிக்காமல் அவரிடம் சொல்லி, அவருடைய மனத்தையும் கேட்ட பிறகு மேசனைக் கூப்பிடுங்கள்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகளால் உருவான நமது சபைகளில், பெண்கள் அரிசியை உலையிலிடுமுன் ஒரு பிடியை எடுத்துச் சபைக்கென்று வேறாக வைத்தார்கள். சமைத்து உண்டபின் மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கமாக அது இருக்கவில்லை. முதற்பிடி போனபின் பானையில் கிடந்ததே அன்றைய வீட்டுத் தேவையாயிற்று. இப்பணத்திலும் அவ்வாறே, மேசன் கணக்குப் போடுவதற்கு முன்னர், பிறருக்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள். எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாட்களிலும் பிடியின் அளவு அவரவர் கையின் அளவாகவே இருந்தது.

உங்கள் கணவரிடம் ஒன்றை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். எளிமையை அவர் தமக்காகத் தெரிந்துகொள்ளலாம். படுக்கையிலிருப்பவர் அவருடைய தாய். அந்த அறையில் இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவரைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்கள்.