அட்டையில் அச்சாகாத 21 வசனங்கள்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டியில் சின்ன அச்சகம் வைத்திருந்தேன். டிசம்பரில் கிறிஸ்தவ சபைகளுக்கு வாக்குத்தத்த அட்டை, அதாவது பைபிள் வசனம் போட்ட அட்டை, அடிப்பதுதான் பெரிய வேலை. ஆனால் 11 வருடமாகக் கோயில் பக்கம் நான் போகவில்லை. போன வருடம் கடனில் அச்சகம் மூடிப்போனது. நாலு மாதமாக ஞாயிறு தவறாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கையில் காசு இருந்தபோது நினைக்காத ஆண்டவரை இப்போது தேடுவது சுயநலம் இல்லையா? வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கொடுக்காததற்குத் தண்டனை என்கிறார் மைத்துனர். 40 நாள் உபவாசம் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். “முறுமுறுக்காமல் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்” என்கிறார்கள் சபையில். எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஒரு வாசகர்

அன்புத் தம்பி,

சுயநலம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். பைபிளில் லூக்கா 15-இல், சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்த இளைய மகன் அப்பாமேல் பாசம் பொங்கியா வீடு திரும்பினான்? அங்கே கூலிக்காரனுக்குக்கூட வயிறாரச் சாப்பாடு, இங்கே நான் பசியில் சாகிறேன் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினான். “உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்” என்று 19-ஆம் வசனத்தில் பேச்சைத் தயார் செய்கிறான். 21-ஆம் வசனத்தில் அப்பா முன்னால் பேசும்போது அந்த வரி மட்டும் இல்லை. அதைச் சொல்லுமுன் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு வஸ்திரம் கேட்டுவிட்டார். எதற்காக வந்தாய் என்ற விசாரணையே அங்கே நடக்கவில்லை.

மைத்துனர் பேசியதை, எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் அவனுடைய மூன்று நண்பர்கள் எப்போதோ பேசிவிட்டார்கள். அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று யோபு 42:7-இல் கர்த்தரின் தீர்ப்பும் வந்துவிட்டது. அவரோடு வாதாடாதீர்கள், சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.

உபவாசம் வேண்டாம். 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசியும் 40 நாள் நடந்தார்தான். ஆனால் அதற்குமுன் சூரைச்செடியின் கீழே தூங்கினார், தேவதூதன் எழுப்பச் சாப்பிட்டார், மறுபடி படுத்தார், மறுபடி சாப்பிட்டார். அடையும் தண்ணீரும் வந்தபிறகுதான் ஓரேப் மலை. கடன்காரனுக்குப் பயந்து தூக்கம் கெட்டவன் வயிற்றையும் காயப்போட்டால் தலைசுற்றல்தான் மிச்சம். எலியா அந்தச் செடியடியில் கேட்டது சாவை. அந்த எண்ணம் உங்களையும் எட்டிப் பார்த்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், சபை ஐயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்தோத்திரம் வரவில்லை என்பதைக் குற்றவாளி மாதிரி கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலே.

எத்தனை அட்டையில் புலம்பல் 3:23 அடித்திருப்பீர்கள்? “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்று கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றிய வரி. பின்னணியில் சூரிய உதயம், ஓரத்தில் ரோஜா. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்ததுண்டா? எரேமியாவின் பேரில் வழங்கும் அந்தப் புத்தகம் கி.மு. 586 வாக்கில் எருசலேம் தரைமட்டமானதைப் பற்றிய அழுகை. 3:8-இல், கர்த்தர் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்கிறான் அழுகிறவன். பத்தாம் வசனத்தில் கர்த்தர் பதுங்கியிருக்கும் கரடி. பதினாறில் கல்லால் பல்லை நொறுக்குகிறவர். பதினெட்டில் நம்பிக்கையே அழிந்துபோயிற்று. இப்படி 21 வசனம் தாண்டித்தான் கிருபை என்ற பேச்சே வருகிறது. அத்தோடு அழுகை நின்றுவிடுகிறதா? 3:44-இல், ஜெபம் உள்ளே வராதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்று திரும்பவும் ஆரம்பிக்கிறான். புத்தகம் முடியும்போதும் ஆறுதல் இல்லை. எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரா என்கிறதோடு நிற்கிறது.

அதுவும் வாய்க்கு வந்தபடி அழுத அழுகை அல்ல. எபிரெயுவில் 22 எழுத்து. முதல் நாலு அதிகாரமும் நம் ஆத்திசூடி மாதிரி அகரவரிசை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. அழுவதற்கு அவ்வளவு யாப்பு கட்டியிருக்கிறார்கள். நம் சபைகள் அதிலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து லாமினேஷன் பண்ணிவிட்டு, அழுகிறவனைப் பார்த்து “முறுமுறுக்காதே” என்கின்றன. எரிச்சலாக வருகிறது தம்பி. உபாகமம் 1:27-ஐப் பாருங்கள். இஸ்ரவேலர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று தங்களுக்குள் பேசினார்கள். அதற்குப் பெயர் முறுமுறுப்பு. அதையே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவர்களுடைய பேச்சு வேதமாகி இருக்கிறது.

அவரிடமே அழுவது எப்படி? பைபிளில் சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். ராத்திரி பத்து நிமிடம், வாய்விட்டு. முதல் இரண்டு வசனத்தில் “எதுவரைக்கும்” நாலு தடவை வரும். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, உங்கள் விஷயத்தைத் தொகையோடு சொல்லுங்கள்: எவ்வளவு கடன், எத்தனை வட்டி, யார் வாசலில் வந்து கத்தினார்கள். “என் பாரங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் இரண்டே நாளில் சலித்துவிடும். மூன்று, நாலில் ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். “இதைச் செய்தால் அதைச் செய்கிறேன்” என்ற பொருத்தனை பேரம் வேண்டாம், ஏற்கனவே இருக்கிற கடன் போதும். ஐந்து, ஆறு வசனங்களில் நம்பிக்கையும் பாட்டும் வரும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான், முதல் நாளே அங்கே தாவிவிடுவார்கள். வாயில் வராவிட்டால் நாலோடு மூடிவிட்டுத் தூங்குங்கள். சங்கீதம் 88-இல் அந்தத் திருப்பம் கடைசிவரை வரவில்லை, அதையும் யாரும் கிழித்து எறியவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும், ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு வருடமாவது போகாதீர்கள்.

விற்காமல் மீந்த அட்டைகள் வீட்டில் கிடக்கும். 3:23 போட்டதில் ஒன்றை எடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் 3:8-ஐயும் 3:44-ஐயும் உங்கள் கையால் எழுதுங்கள். அதன் கீழே பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகிற தேதியையும்.