நாலு மணி அலாரம் ஏன் நாலு நாளில் நின்றுவிடுகிறது?

கேள்வி: ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். குரூப் 4 தேர்வுக்காக அதிகாலை நாலு மணிக்கு எழுந்து மூன்று மணி நேரம் படிப்பதாக அட்டவணை போடுகிறேன். நாலைந்து நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடும். எனக்கு மனவுறுதி போதவில்லையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: மனவுறுதியைக் குறை சொல்லுமுன் தூக்கக் கணக்கைப் பாருங்கள். ஒன்பதரைக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்றாகும். நாலு மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தே மணி நேரம். பகலெல்லாம் நின்று வேலை பார்க்கும் உடம்பு நாலு நாள் தாங்கியதே பெரிது. முதலில் அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

'குரூப் 4 பாஸ் பண்ணணும்' என்பது ஆசை. இன்று அதில் எவ்வளவு முடித்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. தேர்வைப் பிரித்துப் பாருங்கள். இப்போதைய முறைப்படி 300 மதிப்பெண்ணுக்கு 200 கேள்வி: தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழில் 60 மதிப்பெண் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனாலும் நான் உங்களைத் திறனறிவில்தான் தொடங்கச் சொல்வேன். சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், நேரமும் வேலையும் என்று வட்டம் சின்னது. போட்ட கணக்கு சரியா தப்பா என்று அப்போதே தெரிந்துவிடும். தள்ளுபடியும் ஜிஎஸ்டியும் தினமும் பார்க்கிற உங்களுக்குச் சதவீதம் புதிதும் அல்ல. 'இந்த மாதக் கடைசிக்குள் பழைய வினாத்தாள்களில் சதவீதமும் வட்டியும் தடுமாறாமல் போடுவேன்' – இது இலக்கு.

அடுத்தது, எப்போது? ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் எடுத்துச் சொன்ன வழி எளிமையானது: 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. உங்களுக்கு, மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் இரண்டு கணக்கு. வினாத்தாளின் கணக்குப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்து, ஒரு பேனாவோடு சாப்பாட்டுப் பையிலேயே வையுங்கள். செல்போன் செயலி வேண்டாம். கணக்கைத் திறக்கப்போய் வாட்ஸ்அப்பில் முடியும். இரண்டுதானா என்று தோன்றும். மனம் வந்தால் பத்துகூடப் போடுங்கள், ஆனால் நோட்டில் டிக் போட இரண்டு போதும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் வரும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் தரவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் தவறியதும் 'திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிப்போம்' என்பவர்கள் படிக்க வேண்டிய வரி அது.

மதியக் கணக்கு யோசிக்காமலே கைக்கு வர ஆரம்பித்தபின், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடம் சேருங்கள். வார விடுமுறையில் முழு வினாத்தாள், மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து. தீபாவளி சீசனில் மதிய இடைவேளையே ஒழுங்காகக் கிடைக்காது. அந்த வாரங்களில் ஒரே ஒரு கணக்கு, அதுவும் ஏற்கெனவே போட்டதாக இருந்தாலும் சரி. புதுப் பாடம் எதையும் அப்போது தொடாதீர்கள்.