ஈரலழற்சி வைரசு ஈரலை மட்டும் தாக்குவது ஏன்?

கேள்வி: எமது உடற்கலங்கள் யாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகளே உள்ளன என்று உயர்தர உயிரியலில் படிக்கிறோம். அப்படியாயின் ஈரலழற்சி பி வைரசு ஈரலை மட்டும் தாக்குவதும், கொவிட் வைரசு மூக்கு, நுரையீரல், குடல் எனப் பல உறுப்புகளில் காணப்படுவதும் ஏன்?
- உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: பரம்பரையலகை வைத்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. முதிர்ந்த செங்குருதிக் கலங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, எல்லாக் கலங்களும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுத் தொகுதியைத் தாங்கியிருந்தாலும், ஒவ்வொரு கலமும் தன் தொழிலுக்கு வேண்டியவற்றை மட்டுமே புரதமாக்குகிறது. வைரசு பற்றிக்கொண்டு நுழையும் கலப் புரதத்தை வாங்கி என்போம். வைரசுக்கென்று எந்தக் கலமும் வாங்கியை ஆக்கி வைப்பதில்லை. வேறொரு பணிக்காகக் கலமென்சவ்வில் இருக்கும் புரதத்தையே வைரசு பற்றிக்கொள்கிறது. ஈரற்கலங்கள் குருதியிலிருந்து பித்த உப்புகளை உள்ளெடுப்பதற்கு என்ரிசிபி என்னும் புரதத்தைக் கொண்டுள்ளன. ஈரலழற்சி பி வைரசு இதன் வழியாகவே நுழைகிறது என்பதைப் பீஜிங்கைச் சேர்ந்த ஆய்வுக்குழுவொன்று 2012இல் வெளிப்படுத்தியது. அந்தப் பரம்பரையலகு பெரும்பாலும் ஈரலிலேயே வெளிப்படுவதால், நோயும் அங்கேயே நிலைகொள்கிறது.

கொவிட் வைரசின் வாங்கியாகிய ஏசிஇ2, குருதியமுக்கத்தைச் சீராக்குவதில் பங்குகொள்ளும் புரதமாகும். இது சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் மிகுதியாகவும், நுரையீரலை முழுமையாக எடுத்து அளந்தால் வியக்கத்தக்க அளவு குறைவாகவும் காணப்படுகிறது. அம்பாறை மாவட்டத்தின் பெரும்போக விளைச்சலைச் சராசரியாக மட்டும் சொன்னால் எந்த வட்டை (வயல்வெளி) செழித்தது, எந்த வட்டை வெள்ளத்தில் அழிந்தது என்று தெரியாததைப் போல, இழையத்தின் சராசரி தனித்தனிக் கலங்களின் நிலையை மறைத்துவிடுகிறது. கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, நுரையீரற் சிற்றறைகளின் இரண்டாம் வகைக் கலங்களில் ஒரு பகுதியிலும், மூக்கின் சளி சுரக்கும் கலங்களிலும் பிசிர்க் கலங்களிலும் ஏசிஇ2 இருப்பது புலனாயிற்று. மணத்தை உணரும் நரம்புக் கலங்களில் அது ஏறத்தாழ இல்லை. அவற்றைத் தாங்கிநிற்கும் துணைக்கலங்களிலேயே உள்ளது. துணைக்கலங்கள் தாக்கப்பட்டாலும் நரம்புக் கலங்கள் பெரும்பாலும் தப்புவதால், கொவிட் நோயாளர் பலர் மணமறியாமற்போய்ப் பின்னர் மீண்டதற்கான காரணத்தை இக்கண்டறிதல் பெரிதும் தெளிவாக்கியது. இத்துறையின் மிக அழகிய விளக்கங்களுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

எனினும் வாங்கி இருக்கும் இடமெல்லாம் நோய் தோன்றும் என்று கொள்ளலாகாது. ஏசிஇ2உடன் இணைந்த வைரசின் முட்புரதத்தை வெட்டித் தயார்செய்ய ரிஎம்பிஆர்எஸ்எஸ்2 போன்ற நொதியமும் வேண்டும். போலியோ வைரசின் வாங்கியாகிய சிடி155 உடலெங்கும் பல இழையங்களில் இருந்தும், அங்கவாதத்தை உண்டாக்கும் சேதம் முள்ளந்தண்டு வடத்தின் இயக்க நரம்புக் கலங்களிலேயே ஏற்படுகிறது. வைரசு எவ்வழியாக உடலை அடைகிறது, அங்குள்ள கலங்கள் எவ்வளவு விரைவாக எதிர்ப்பைக் காட்டுகின்றன என்பனவும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: வைரசின் வாங்கியே இல்லாமற் பிறப்பவர்கள் உண்டா?
- வாசகர், காரைதீவு

பதில்: உண்டு. எச்ஐவி வைரசு பெரும்பாலும் சிடி4 என்னும் வாங்கியுடன் சிசிஆர்5 என்னும் துணைவாங்கியையும் பற்றியே நுழைகிறது. சிசிஆர்5 பரம்பரையலகில் 32 மூலச்சோடிகள் குறைந்த வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அத்தொற்று அரிதாகவே ஏற்படும். இவ்வடிவம் வட ஐரோப்பிய வழியினரிடமே கூடுதலாக உள்ளது. தென்னாசியரிடம் மிக அரிது. சின்னமுத்து வைரசோ நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வாங்கியையும் சுவாசப்பாதை மேலணியில் இன்னொன்றையும் பயன்படுத்துவதால், பிறப்பிலே வாய்த்த அத்தகைய காப்பை அதற்கு எதிராக எவரும் எதிர்பார்க்க முடியாது. தடுப்பூசியால் உருவாகும் பிறபொருளெதிரிகளே அவ்வைரசு வாங்கியுடன் இணைவதைத் தடுக்கின்றன. ஆகவே பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் வழங்கப்படும், சின்னமுத்தையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.