எழுதத் தெரியாதது யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 48. சென்னையில் வங்கி வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி கைப்பட எழுதிய சமையல் நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சொதி, கூழ்வத்தல், உப்பு நார்த்தங்காய், பிரசவ மருந்து என்று எழுபது எண்பது பக்குவங்கள். வருகிற தை மாதம் அம்மாவுக்கு 80 முடிகிறது. அன்றைக்கு இதையெல்லாம் தொகுத்து 'எங்கள் குடும்பச் சமையல்' என்று ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் நோட்டு மதினியிடம் இருக்கிறது. அம்மாவும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். மதினியிடம் கேட்டால் 'தேடிப் பார்க்கிறேன்' என்கிறார். ஆறு மாதமாகத் தேடுகிறார். அண்ணன் மகள் ஒரே ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். 'நார்த்தங்காய் 25, உப்பு உரி, மஞ்சள் அரைப் பலம்' என்று இருந்தது. உரி என்றால் அரைப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதேபோல் போட்டேன். வாயில் வைக்க முடியாத உப்பு. அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது, கேட்டால் தடவைக்கு ஒன்று சொல்கிறார். அம்மாவுக்கு ஒத்தாசையாக 35 வருஷமாக வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். ஆச்சி கடைசிக் காலத்தில் எங்களோடு இருந்தபோது கூடமாட நின்றவர். என் பிரசவத்துக்கு மருந்து கிண்டியதும் அவர்தான். அவர் போடும் நார்த்தங்காய் அப்படியே ஆச்சி கைப்பக்குவம். ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பொங்கலோடு வேலையை விட்டு மகள் வீட்டுக்கும் போகிறார். அதனால் நோட்டை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. மனஸ்தாபம் இல்லாமல் மதினியிடமிருந்து அதை எப்படி வாங்குவது?

— வாசகி, சென்னை

பதில்: முதலில் மதினி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நோட்டு அவரிடம் இருப்பதுதான் நியாயம். உங்கள் அம்மாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர். சென்னையிலிருந்து போனில் கேட்டால் 'தேடுகிறேன்' என்றுதான் சொல்வார். நேரில் போங்கள், அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள், 'புத்தகத்தில் நம் இரண்டு பேர் பெயரும் வரட்டும், மதினி' என்று கேளுங்கள். கொடுத்தால் சந்தோஷம். கொடுக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். வயதான அம்மா இருக்கும் வீட்டில் ஒரு நோட்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவது பாவம். நோட்டுக்கும் நகைக்கும் வெள்ளிக் கும்பாவுக்கும் சண்டை போட்டு எழுதும் கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. எல்லாருக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'எழுதப் படிக்கத் தெரியாது... அதனால் வேறு வழியில்லை.' இந்த 'அதனால்' எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமே! 25 வருஷமாவது வங்கியில் எழுத்து வேலை பார்த்திருப்பீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வந்து நின்றால் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். உங்களுக்கு மருந்து கிண்டிக் கொடுத்த ஒருவர் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் எப்படித் தோன்றாமல் போனது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய மூலக் கடிதத்தில் ஆச்சி, அம்மா, மதினி, அண்ணன் மகள் எல்லாருக்கும் பெயர் இருந்தது. வெளியிடுவதற்காக நாங்கள்தான் அவற்றை நீக்கினோம். அந்த அம்மாவுக்கு மட்டும் நீக்குவதற்கே பெயர் இல்லை. 35 வருஷம் உங்கள் வீட்டு அடுப்படியில் நின்றவர் 'ஓர் அம்மா'. குடும்பச் சமையல் புத்தகம் போடப் போகிறவர் நீங்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நோட்டை ஏன் இவ்வளவு நம்புகிறீர்கள் என்று பார்ப்போம். பலமும் உரியும் போட்டு எழுதியிருக்கிறார் என்றால், அது பெரும்பாலும் மெட்ரிக் அளவுகள் வருவதற்கு முந்தைய எழுத்து. 1958இல் கிராமும் கிலோவும் வரத் தொடங்கி, 1962க்குள் கடைத்தராசில் கட்டாயமாகிவிட்டன. பலம் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. இது கணக்குப் போட்டால் வந்துவிடும். படி அப்படி இல்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்ப்பாடு ஒன்றுதான். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது, சின்னப்படி பெரியபடி என்று ஒரே ஊரிலும் மாறியது. உங்கள் ஆச்சி வீட்டு உரி எவ்வளவு கொண்டது என்பது அந்த உரிக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் உப்பு. நீங்கள் எந்த உப்புப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. பாக்கெட் தூள் உப்பைத்தான் போட்டிருப்பீர்கள். ஆச்சி காலத்தில் உப்பு என்றால் கல்லுப்பு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். தூள் உப்பு நெருங்கி உட்காரும், அதே பாத்திரத்தில் எடை கூடுதலாகப் பிடிக்கும். உப்பு நார்த்தங்காயில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காயைச் சுருள் சுருளாக வெட்டி, உப்பை அடைத்து, ஜாடியில் போட்டால் காயிலிருந்தே தண்ணீர் விடும். அப்புறம் பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே தண்ணீரில் போட்டு, அது முழுக்கக் காய்க்குள் இறங்கும்வரை விட வேண்டும். போட்ட உப்பில் ஒரு கல்கூட வெளியே போவதில்லை. ஆச்சி 'உப்பு' என்று மட்டும் எழுதியதில் தப்பில்லை. அவர் வீட்டில் வேறு உப்பு கிடையாது, படிக்கப் போகிறவருக்கும் அது தெரியும். நோட்டு என்பது தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதிய ஞாபகக் குறிப்பு. தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க யாரும் நோட்டு எழுதவில்லை, அதற்குத்தான் அடுப்படியில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் ஆச்சி பக்கத்தில் நிறுத்திக்கொண்டது யாரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. எத்தனையோ வீடுகளில் கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராகப் போன புத்தகம் அது, அவர் பெயரை இன்றும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அதே 1951ஆம் வருஷக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. மீதி 91 பேரும் சமைத்தார்கள். வத்தல் போட்டார்கள், மருந்து கிண்டினார்கள், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வடித்தார்கள். நாம் இன்று பாரம்பரியச் சமையல் என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்த 91 பேர் கை வழியாகத்தான் வந்தது. எழுதியவர்களின் பெயர் நின்றது. உங்கள் வீட்டிலும் அதேதான் நடக்கப் போகிறது, அதுவும் உங்கள் கையால்.

என் அம்மா வீட்டில் தீபாவளிக்கு மாவு இடிக்க ஒரு பாட்டி வருவார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா தள்ளி நின்றுகொள்வார். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகிவிடும். அந்தப் பாட்டி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, 'இறக்கு' என்பார். ஒரு வருஷம் அவர் வரவில்லை. ஆள் அனுப்பலாம் என்றால் அவர் எந்தத் தெரு, யார் வீடு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசம் சட்டியில் பொடிப்பொடியாக மிதந்தது. அதிரசம் போனது எனக்குப் பெரிதில்லை. அவரோடு அத்தனை வருஷம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், பொங்கல்வரை காத்திருக்காதீர்கள். நான் இதை எழுதுவது புரட்டாசியில். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நார்த்தங்காயையும் கூழ்வத்தலையும் காயவைத்துக் காட்ட முடியாது, வாயால் சொல்லத்தான் முடியும். பத்து நாள் லீவு போடுங்கள். வங்கியில் தர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுக்கு லீவு போடுகிறோம், இது அதற்குக் குறைந்ததில்லை.

போனதும் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்காராதீர்கள். அவருக்கு முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள். 'நீங்கள் சொல்லிக் கொடுத்தால் எழுதிக்கொள்கிறேன், புத்தகத்தில் போடலாமா?' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால், நறுக்குவதும் பிழிவதும் தூக்குவதும் நீங்கள், சொல்வதும் பதம் பார்ப்பதும் அவர். அந்தப் பத்து நாளுக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் தனியாகக் கூலி கொடுங்கள். ஒரு புடவையை எடுத்துக் கொடுத்து முடித்துவிடாதீர்கள்.

எவ்வளவு உப்பு என்று கேட்டால் 'கண்ணுக்குத் தெரிந்தது' என்பார். பொய் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும். உப்பு ஜாடியை அவர் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை தராசில் வையுங்கள், அவர் முடித்த பிறகு ஒரு தடவை வையுங்கள். குறைந்ததுதான் அளவு. நடுவில் கையைப் பிடித்து நிறுத்தி அளக்கப் போனால் அந்தக் கையின் ஓட்டமே மாறிவிடும். அப்புறம், தப்பினால் எப்படித் தெரியும், தப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கூழ் வெந்துவிட்டதா என்று ஈரக்கையால் தொட்டுப் பார்ப்பார்கள், ஒட்டக் கூடாது. சொதியில் முதல் தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும், நுரை கூடும்போதே இறக்கி, இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். இதெல்லாம் பொதுவாகத் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கே உரியது எது என்று அவரிடம்தான் கிடைக்கும். 35 வருஷத்தில் அவராகச் சேர்த்ததும் குறைத்ததும் இருக்கும். அதை 'ஆச்சி எழுதியதற்கு மாறாக' என்று திருத்தாதீர்கள். இத்தனை வருஷம் உங்கள் குடும்பம் சாப்பிட்டது அதைத்தான்.

அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேள்வி கேட்டு ஞாபகத்தைச் சோதிக்காதீர்கள், அது அவரை நோகடிக்கும். வெட்டிய நார்த்தங்காயையும் ஒரு கிண்ணம் கல்லுப்பையும் முன்னால் வையுங்கள். வாய் மறந்ததைக் கை செய்தாலும் செய்யும். செய்யாவிட்டாலும் அந்த வாசத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பொங்கலோடு அவர் போகிறார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எதைக் கொண்டு போகிறார்? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் 2007இல் வந்தது. 60 வயதுக்குள் பதிந்து வைத்தவர்களுக்கு 60 முடிந்ததும் ஓய்வூதியம் உண்டு. அவரை யாராவது பதிந்தீர்களா? அண்ணனும் நீங்களும் படித்தவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள். அவர் வயதை நீங்கள் எழுதவில்லை. 60 ஆகவில்லை என்றால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். தாண்டிவிட்டது என்றால் தவறு உங்கள் குடும்பத்தினுடையது, அதை நீங்களும் அண்ணனும்தான் சரிசெய்ய வேண்டும். மாதாமாதம் ஒரு தொகை, அவர் இருக்கும்வரை, கேட்காமலே போய்ச் சேர வேண்டும். மகள் வீட்டில் கையை எதிர்பார்த்து உட்காரும்படி அவரை அனுப்பாதீர்கள். உங்கள் அண்ணனோடு சண்டை போட வேண்டும் என்றால் இதற்காகப் போடுங்கள், நான் உங்கள் பக்கம்.

புத்தகத்துக்கு வருகிறேன். ஆச்சி படம் முதல் பக்கத்தில் வரட்டும். எதிர்ப்பக்கத்தில் அந்த அம்மாவின் படம், அதே அளவில். நார்த்தங்காய்ப் பக்கத்திலும் பிரசவ மருந்துப் பக்கத்திலும் 'சொன்னவர்' என்று அவர் பெயர் இருக்க வேண்டும். தை மாத விழாவில் முதல் பிரதியை அம்மா கையால் அவருக்குக் கொடுக்கச் செய்யுங்கள், பரிமாறும் வேலையை அன்றைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் புத்தகம் எதற்கு என்று சொந்தத்தில் யாராவது கேட்பார்கள். அவருடைய மகளோ பேரப்பிள்ளைகளோ படித்துக் காட்டுவார்கள் என்று சொல்லுங்கள்.

ஊருக்குப் போய்வந்து எனக்கு எழுதுங்கள். நார்த்தங்காய் எப்படி வந்தது என்று பிறகு சொல்லலாம். முதலில் அவர் பெயர் என்ன என்று எழுதுங்கள்.